குறைமாதக் குழந்தையின் அசைவு சொல்லும் சேதி

டயப்பர் மாற்றும்போது குழந்தையின் இரண்டு கால்களையும் விலக்கிப் பிடிப்போம். யோசிக்காமல், ஒரு கையால் செய்கிற வேலை அது. தொடை லேசாக விலகிக் கொடுக்கும். சில குழந்தைகளிடம் அப்படி நடக்காது. கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே ஏறி விறைத்து நிற்கும். பிரிக்கப் பிரிக்க இன்னும் இறுகும். "காலில் என்ன பலம் பாரு இவனுக்கு!" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், அதைப் பலம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மூளையிலிருந்து காலுக்குப் போகிற நரம்புப் பாதையில் ஏதாவது அடிபட்டிருந்தால், அது வெளியே தெரியத் தொடங்குகிற நேரங்களில் டயப்பர் மாற்றும் நேரமும் ஒன்று.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் மிகக் குறைமாதம். அதிலும் 28 வாரத்துக்கு முன்னால் பிறக்கிறவர்கள் தனி வகை, அவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். மிகக் குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் நடப்பார்கள், பேசுவார்கள், பள்ளிக்கும் போவார்கள். மூளை முடக்குவாதம், அதாவது செரிபிரல் பால்சி, தோராயமாக நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது. கவனம், கற்றல், மொழி, கை வேலையில் தடுமாற்றம் போன்ற சிறிய சிக்கல்கள் அதைவிட நிறையப் பேருக்கு வருகின்றன. யாருக்கு வரும் என்று பிறந்த அன்றே சொல்ல முடியாது. கவனித்துக்கொண்டே இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் ஒரு கணக்கு. முழு மாதம் 40 வாரம். உங்கள் குழந்தை 28-வது வாரத்தில் பிறந்திருந்தால் 12 வாரம், அதாவது சுமார் மூன்று மாதம் முன்னால் வந்துவிட்டது. பிறந்து ஆறு மாதம் ஆன அன்று அதன் 'திருத்திய வயது' மூன்று மாதம்தான். தலை நிற்பது, சிரிப்பது, உட்காருவது எல்லாவற்றையும் இந்தத் திருத்திய வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கணக்கிடுவது வழக்கம். தடுப்பூசிக்கு மட்டும் இது பொருந்தாது, அதற்குப் பிறந்த தேதிதான் கணக்கு.

இந்தக் கணக்கில் வீடுகளில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. ஒன்று, திருத்தாமலேயே பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பயப்படுவது. இன்னொன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. திருத்திய வயதில் ஒன்பது மாதம் ஆகியும் உட்காரவில்லை, ஆனால் "குறைமாதம்தானே, மெதுவாகத்தான் வரும்" என்று மறுபடியும் விட்டுக்கொடுப்பார்கள். குறைமாதத்துக்கான தள்ளுபடியை வயதைத் திருத்தும்போதே கொடுத்தாயிற்று. இரண்டாவது முறை கொடுக்கக் கூடாது.

சரி, சீக்கிரம் பிறந்தால் மூளைக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? 24-வது வாரத்தில் மூளையின் மேற்பரப்பு கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும். வால்நட் பருப்பில் பார்க்கிற மாதிரி மடிப்புகள் எல்லாம் அதற்குப் பிறகு விழுபவை. 29-வது வாரத்துக்கும் 40-வது வாரத்துக்கும் இடையில் மூளையின் சாம்பல் நிறப் புறணி ஏறக்குறைய நான்கு மடங்கு பெருக்கிறது. இந்த வேலை கருப்பைக்குள் இருட்டில், கதகதப்பில், தாயின் ரத்தம் ஊட்டத்தை அளந்து கொடுக்க, அமைதியாக நடக்க வேண்டியது. இந்தக் குழந்தைகளுக்கு அது வெளிச்சத்திலும், இயந்திரச் சத்தத்திலும், ஊசிக் குத்தலிலும் நடக்கிறது. ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும். கிருமித் தொற்றும் வரும்.

குறிப்பாக இரண்டு அடிகள் முக்கியமானவை. மூளைக்கு நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் சுவரை ஒட்டிப் புதிய நரம்பு செல்கள் உருவாகும் இடத்தில் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. 32 வாரத்துக்கு மேல் அந்தப் பகுதி தானாகவே சுருங்கிவிடும். அதற்கு முன்னால் பிறந்தால், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அங்கே கசிவு ஏற்படலாம். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் இது நடந்துவிடும். மருத்துவர்கள் இதை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 1, 2 என்றால் சிறிய கசிவு, பல குழந்தைகள் இதைத் தாண்டி நன்றாகவே வளர்கிறார்கள். 3 என்றால் அறைகள் ரத்தத்தால் வீங்கிவிட்டன என்று பொருள். 4 என்றால் பக்கத்து மூளைத் திசுவும் பாதிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது அடி, மூளைக்குள் நரம்பு இழைகள் ஓடுகிற வெண்பொருளுக்கு. நரம்பு இழைகளுக்கு மின்கம்பியின் ரப்பர் உறை மாதிரி ஒரு கொழுப்பு உறை உண்டு. அந்த உறையைப் போடப்போகிற செல்கள் 32 வாரத்துக்கு முன்னால் இளசாக இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்தாலும், உடம்பில் அழற்சி வந்தாலும் முதலில் சாவது அவைதான். அந்த நீர் அறைகளுக்கு மிக அருகில் ஓடுகிற இழைகள் எவை தெரியுமா? காலுக்குப் போகிறவை. கைக்குப் போகிறவை கொஞ்சம் தள்ளி ஓடுகின்றன, முகத்துக்குப் போகிறவை இன்னும் தள்ளி. குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற முடக்குவாதத்தில் கைகள் ஓரளவு தப்பி, கால்கள் மட்டும் விறைப்பது ஏன் என்பதற்கு இதுதான் காரணம்.

மண்டையோட்டின் உச்சிக்குழி இன்னும் மூடியிருக்காது. அதன் வழியாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், குழந்தையைப் படுக்கையை விட்டு அசைக்கவே தேவையில்லை. ரத்தக் கசிவு உடனே தெரியும். வெண்பொருளில் சிறு குமிழ்கள் தோன்ற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆகவே முதல் வார ஸ்கேன் நன்றாக இருந்ததோடு கதை முடிவதில்லை. முதலில் குறித்திருந்த பிரசவத் தேதி (40 வாரம்) வரும் சமயத்தில் எம்ஆர்ஐ எடுத்தால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். ஆனாலும் படம் என்பது படம்தான். ஸ்கேனில் மோசமாகத் தெரிந்து நன்றாக நடக்கிற குழந்தைகளும் உண்டு, ஸ்கேன் சுத்தமாக இருந்தும் தடுமாறுகிற குழந்தைகளும் உண்டு. அதனால் மூளை எப்படி இருக்கிறது என்பதோடு எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அங்கேதான் ஹைன்ஸ் பிரெக்டில் வருகிறார். ஆஸ்திரியாவில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர். அவர் செய்தது கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: குழந்தையைத் தொடாமல், சும்மா பார்த்தார். மல்லாந்து படுத்து விழித்திருக்கும் குழந்தை யாரும் தூண்டாமலேயே கை கால்களை அசைத்துக்கொண்டிருக்கும் இல்லையா? அந்த அசைவுக்குள் மூளையின் நிலை எழுதியிருக்கிறது என்று கண்டுகொண்டார்.

இயல்பான குழந்தையின் அசைவு, பிரசவத் தேதியைத் தாண்டி இரண்டு மாதம் வரை நெளிவாக இருக்கும். ஒரு கை மெல்ல எழும், மணிக்கட்டு திரும்பும், அதற்குள் எதிர்க் கால் நீளும், உடம்பு முறுக்கி அவிழும். அடுத்து எது அசையும் என்று உங்களால் ஊகிக்கவே முடியாது. பாதிப்புள்ள மூளையில் இந்த வகைவகையான ஓட்டம் போய்விடும். கை கால் கழுத்து எல்லாம் ஒரே நொடியில் விறைத்து, ஒரே நொடியில் தளரும். மறுபடி அதே மாதிரி. கொஞ்ச நேரம் பார்த்தால் உங்களுக்கே சலித்துவிடும். அந்தச் சலிப்பே ஒரு தடயம்.

திருத்திய வயதில் ஒன்பது வாரத்துக்கு மேல் அசைவின் குணம் மாறும். பெரிய நெளிவுகள் அடங்கி, கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று எல்லா மூட்டிலும் எல்லாத் திசையிலும் சின்னச் சின்னத் துறுதுறுப்பு தொடங்கும். விரலை மடக்கி விரிக்கும், கணுக்காலைச் சுழற்றும், ஒரு கணம்கூடச் சும்மா இருக்காது. மூன்று முதல் ஐந்து மாதம் வரை இது நடக்கும், பிறகு குழந்தை பொருட்களை எட்டிப் பிடிக்கத் தொடங்க, இது மறைந்துவிடும். 1997-ல் பிரெக்டில் குழுவினர் 130 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. துறுதுறுப்பு இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் நன்றாக வளர்ந்தார்கள். அது இல்லாத, அல்லது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்குப் பின்னால் நரம்பியல் பாதிப்பு தெரிந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் கிடையாது. சும்மா உட்கார்ந்து பார்த்ததில் வந்த முடிவு.

இதற்கான வீடியோவை வீட்டிலேயே எடுக்கலாம். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். குழந்தை மல்லாந்து படுத்திருக்க வேண்டும், கையும் காலும் வெறுமையாகத் தெரிய வேண்டும், அழக் கூடாது, தூங்கவும் கூடாது. சூப்பான், பொம்மை எதுவும் வேண்டாம். யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இதுதான் கஷ்டம்: குழந்தை உங்களைப் பார்த்துக் கண்ணை விரித்தால் பேசாமல் இருக்க முடிகிறதா என்ன? ஆனால் பேசினால் கவனம் உங்கள் மேல் போய்விடும், அசைவு மாறிவிடும். எடுத்த வீடியோவைப் பார்த்து முடிவு சொல்ல மட்டும் பயிற்சி பெற்ற கண் வேண்டும். நீங்களாகவே பார்த்து "துறுதுறுப்பு இல்லை" என்று முடிவு கட்டி ராத்தூக்கம் கெட வேண்டாம்.

இதோடு சேர்த்துச் செய்கிற இன்னொரு பரிசோதனை லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் உருவானது. மூளை நரம்புகளின் வேலையை, உடம்பின் நிலையை, அசைவை, தசையின் இறுக்கத்தை, அனிச்சைச் செயல்களை என்று 26 விஷயங்களைப் பார்த்து 78-க்கு மதிப்பெண் போடுவார்கள். முன்பெல்லாம் மூளை முடக்குவாதம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்று முதல் இரண்டு வயது ஆகிவிடும். 2017-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, எம்ஆர்ஐ, இந்த அசைவுப் பரிசோதனை, ஹேமர்ஸ்மித் மதிப்பெண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் திருத்திய வயது ஐந்து மாதத்துக்கு முன்பே சொல்லிவிடலாம் என்கிறது. உறுதியாகத் தெரியாவிட்டால் 'அதிக ஆபத்து உள்ள குழந்தை' என்று குறித்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

அப்புறம், அன்றாடம் வீட்டில் நீங்கள் கவனிக்கக்கூடியவை. கைகளைப் பாருங்கள். பிறந்த குழந்தை விரல்களை மூடி வைத்திருப்பது இயல்பு. திருத்திய வயதில் நான்கு மாதம் ஆகியும் கட்டை விரலை உள்ளே வைத்து இறுக்கி மூடியே இருந்தால் சொல்ல வேண்டும். ஆறேழு மாதத்தில் ஒரு பொம்மையைக் குழந்தையின் இடப்பக்கம் நீட்டுங்கள். பக்கத்தில் இருக்கிற இடது கை சும்மா கிடக்க, வலது கை நெஞ்சைத் தாண்டி வந்து எடுக்கிறதா? ஒருமுறை என்றால் ஒன்றுமில்லை. எப்போதும் அப்படித்தான் என்றால் அந்த இடது கையைப் பரிசோதிக்க வேண்டும். "எந்தக் கைக்காரன் என்று இப்பவே தெரியுது" என்று மகிழ்வதற்கு ஒரு வயது வரை எதுவும் இல்லை. அதுவரை குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுதான்.

சீக்கிரம் செய்வதும் சில நேரம் அறிகுறிதான். இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஐந்து மாதத்தில் அக்குளில் பிடித்து நிறுத்தினால் முன்பாதத்தில் விறைப்பாக நிற்கும், "சீக்கிரம் நடந்துவிடுவான்" என்பார்கள். முதுகை வில்லாக வளைத்து, உரிய மாதத்துக்கு முன்னாலேயே பொத்தென்று புரளும். இரண்டிலும் தசை தன் இஷ்டத்துக்கு இறுகுகிறது, குழந்தை அதை ஆளவில்லை. இப்படிப்பட்ட குழந்தையை வாக்கரில் போடுவது விறைப்பை இன்னும் பழக்கப்படுத்தும். (வாக்கரே வேண்டாம் என்பது என் கட்சி. கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.)

பால் குடிப்பதும் ஒரு சோதனைதான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் தாளம் தப்பாமல் சேர்த்துச் செய்வது 34-வது வாரத்தை ஒட்டித்தான் கைகூடும். பிரசவத் தேதி தாண்டியும் ஒவ்வொரு முறையும் புரையேறினால், அரை மணி நேரம் ஆகியும் முடியாமல் சோர்ந்துபோனால், அதைச் சொல்லுங்கள். தலையின் சுற்றளவை ஒவ்வொரு முறையும் டேப்பால் அளந்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு திடீரென்று செங்குத்தாக ஏறினால் தலைக்குள் நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கோடு ஏறாமல் படுத்துவிட்டால் மூளை வளர்ச்சி போதவில்லை என்று பொருளாகலாம்.

கண்ணும் காதும் தனி. மிகக் குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் நோய் வரலாம், அதைப் பிறந்து நான்கு வாரம் ஆகும் சமயத்தில் தொடங்கிக் கண் மருத்துவர் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சிலருக்குக் கண் நன்றாக இருக்கும், ஆனால் அது அனுப்புகிற படத்தை மூளை படிக்காது. மூன்று மாதத்தில் முகத்தைப் பின்தொடராவிட்டால் இரண்டையும் நினைவில் வையுங்கள். காதுக்கு, உள்காதின் எதிரொலியை மட்டும் பார்க்கிற சோதனை இவர்களுக்குப் போதாது, செவி நரம்பு மூளைக்குச் சேதி கொண்டுபோகிறதா என்று பார்க்கிற சோதனையும் வேண்டும்.

முகம் பார்த்துச் சிரிப்பது திருத்திய வயதில் ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும். மூன்று மாதம் ஆகியும் வராவிட்டால் சொல்லுங்கள். பத்து மாதத்தில் "பாபா", "மாமா" என்று மழலை, ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்புவது, ஒன்றரை வயதுக்குள் விரல் நீட்டிக் காட்டுவது. இவை வராதபோது ஆட்டிசம் இருக்கிறதா என்று கேள்வித்தாள் வைத்துப் பார்ப்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இதில் 'ஆட்டிசம் இருக்கலாம்' என்று வந்துவிட்டாலே பதற வேண்டாம். கை வராததால் சுட்டிக்காட்டாத குழந்தையும், காது கேளாததால் திரும்பாத குழந்தையும் அதே வலையில் சிக்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். தூங்கி எழுந்ததும் குழந்தை திடீரென்று கும்பிடு போடுவது போல முன்னால் மடங்கி, கைகளை வீசி விரித்து, ஓரிரு நொடியில் தளர்கிறது. சற்று நேரத்தில் மறுபடியும். அப்படியே பத்து, இருபது முறை. வயிற்று வலி என்றோ பயந்துவிட்டது என்றோ தோன்றும். அது ஒரு வகை வலிப்பு. முதல் வருடத்தில், பெரும்பாலும் மூன்று முதல் எட்டு மாதத்துக்குள் தொடங்கும். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அன்றே போங்கள், சிகிச்சை தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் வளர்ச்சியைத் தின்னும். இன்னொன்று, செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது. சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்துவது, உட்கார்ந்தது சாய்வது.

எல்லா அறிகுறியும் தங்கிவிடுவதில்லை. குறைமாதக் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு முதல் வருடத்தில் காலும் கழுத்தும் கொஞ்சம் இறுக்கமாக இருந்து, ஒன்றரை வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்கிற மருத்துவரைவிட, "ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்கிறவரை நான் நம்புவேன். ஆனால் அந்த ஆறு வாரமும் சும்மா இருக்கக் கூடாது. பிசியோதெரபியைச் சந்தேகம் வந்த அன்றே தொடங்கலாம், சந்தேகம் பொய்யானால் நட்டம் ஒன்றும் இல்லை.

அந்தச் சிகிச்சையில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் கை காலை மற்றவர் நீட்டி மடக்கினால் மூளை பெரிதாக எதையும் கற்பதில்லை. பொம்மையை எட்டுகிற மாதிரியும் எட்டாத மாதிரியும் வைத்து, குழந்தையே முயன்று, தவறி, மறுபடி முயல வேண்டும். ஒரு பக்கக் கை மட்டும் பலவீனம் என்றால், நல்ல கைக்கு மென்மையான உறை போட்டுத் தினமும் கொஞ்ச நேரம் மற்றக் கையை வேலைக்கு அழைப்பார்கள். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் இரண்டு வருடத்தில் மூளை புது வழி போட்டுக்கொள்கிற வேகம் பிறகு கிடைக்காது.

இரண்டு வயதில் விரிவான வளர்ச்சிப் பரிசோதனை ஒன்று செய்வார்கள். அதில் நல்ல மதிப்பெண் வந்தால் பல குடும்பங்கள் ஃபைலை மூடிவிடுகின்றன. கணக்கில் தடுமாற்றம், எழுத்து கோணல்மாணலாகப் போவது, வகுப்பில் கவனம் சிதறுவது எல்லாம் ஆறேழு வயதில்தான் தலைகாட்டும். இரண்டு வயதில் குறைந்த மதிப்பெண் வாங்கி, பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த மருத்துவச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) பத்திரமாக வைத்திருங்கள். பிறந்த வாரம், எடை, ஸ்கேன் முடிவு எல்லாம் அதில்தான் இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது, எத்தனையாவது வாரத்தில் பிறந்த பிள்ளை என்பதை வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மூன்றாம் வகுப்பில் "சோம்பேறி" என்று பெயர் வாங்குவதற்கு முன்னால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.